பதினோராவது துண்டு

மூன்று கால் அளவுக் கருவியும், அதன் பின்னால் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவனும், அவள் வந்து மோதிய வேகத்தில் சேர்ந்தே சேற்றில் விழுந்தார்கள்.

"ஏங்க... கண்ணைக் கழற்றி வீட்டுல வச்சிட்டா ஓடி வர்றீங்க?" காதுக்குள் போன சேற்றைத் துடைத்தபடி அவன் எழுந்தான். "இது உடைஞ்சா எங்க மேலதிகாரி என்னை முழுசா முழுங்கிடுவாரு!"

"பாப்பா... ஒரு சின்னப் பாப்பா... மஞ்சள் கவுன் போட்டிருக்கும்... பார்த்தீங்களா?"

அவன் திட்டு பாதியிலேயே நின்றது. மழைத்துளிகள் அவள் இமைகளில் தங்கித் தங்கி விழுந்தன. அழுகையா, மழையா என்று பிரித்துச் சொல்ல முடியாத கண்கள்... வேறு நாளாக இருந்திருந்தால் அந்தக் கண்களைப் பற்றி நாமும் நின்று நாலு வரி பேசியிருக்கலாம். இன்று நேரமில்லை. ஐந்து வயதுக் குழந்தையைக் காணவில்லை.

"எவ்வளவு நேரமாச்சு?"

"அரை மணி... இல்ல, முக்கால் மணி... தெரியலைங்க! சைக்கிள் கடைக்காரர் நாணல் பக்கம் ஓடிச்சுன்னு சொன்னாரு."

"பேரைச் சொல்லுங்க. ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டுப் பார்ப்போம்."

"கூப்பிட்டா கேக்காது..." அவள் குரல் உடைந்தது. "பிறவியிலேயே காது கேக்காதுங்க அவளுக்கு."

அவன் திரும்பி ஆற்று மதகின் பக்கம் பார்த்தான். அவள் பார்வையும் அங்கேயே போயிற்று.

"என்ன... அங்க என்ன?"

"அஞ்சு மணிக்கு மதகைத் திறக்கிறாங்க. மேல சரியான மழை. திறக்கலைன்னா கரை உடைஞ்சு தெருவுக்குள்ள தண்ணி வந்துடும். திறந்தா..."

"திறந்தா?"

"இந்த நாணல் காடு பூரா ஆள் உயரத்துக்குத் தண்ணி நிக்கும்." கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றேகால்.

அவள் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள் அவள். அக்கா வேலைக்குப் போகும் நேரமெல்லாம் அக்கா மகள் அவள் பொறுப்பு. மத்தியானம் ஒரு அம்மா அளவுச் சட்டை கொடுத்துவிட்டுப் போனார். வாயில் குண்டூசி, கையில் துணி... கதவைக் காலாலேயே தள்ளிச் சாத்திவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். தாழ்ப்பாள் போடவில்லை. ஒரு கை தைத்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது வாலுவைக் காணோம். வாலு என்றுதான் வீட்டில் குழந்தைக்குப் பெயர்.

"கதவைத் தாண்டி எப்படி வெளியே வந்தா?" என்று அவன் கேட்டான்.

"அவளே... தாழ்ப்பாளைத் திறந்துட்டா போல." பொய் தானாகவே வாயில் வந்து விழுந்தது. அக்காவுக்கும் இதையேதான் சொல்லப்போகிறோம் என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அக்கா ஆறு மணி பஸ்ஸில் வருவாள்.

நிலம் அளக்கும் சர்வேயர் அவன். சேற்றோடு சேறாகத் தார்ப்பாய்க் கூடாரத்துக்கு ஓடினான். அங்கே மேசையில் ஒரு வரைபடம் விரித்திருந்தது. புதுக் கரை கட்டுவதற்காக அந்த நாணல் காட்டை அவன் பத்து நாளாக அளந்துகொண்டிருந்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிய வேண்டுமே... அதற்காக நாணலை வெட்டி, அம்பு விட்டாற்போல நான்கு நேர்ப்பாதைகள் போட்டிருந்தான். அந்த நான்கும் காட்டைப் பத்துத் துண்டாகப் பிரித்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஒரு முளைக்குச்சி.

"துண்டுக்கு ரெண்டு பேர். உங்க பாதைக்கும் அடுத்த பாதைக்கும் நடுவுல இருக்கிறதை மட்டும் பாருங்க. அடுத்தவங்க துண்டுக்குள்ள போகாதீங்க, குழம்பிடும்!" தெருவிலிருந்து ஓடிவந்தவர்களையும் தன் வேலையாட்களையும் அவன் ஜோடி ஜோடியாகப் பிரித்தான். அவள் முதல் ஆளாக எழுந்தாள்.

"நீங்க இங்கயே இருங்க."

"உக்காந்திருக்கவா ஓடி வந்தேன்?"

"பாப்பா தானா வெளியே வந்தா யாரைத் தேடும்? என்னையா? என் மூஞ்சியைப் பார்த்தா திரும்பக் காட்டுக்குள்ளயே ஓடிடும்." சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் இந்த இரைச்சலில் தன் பயத்தைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் இவன்தான் என்று பட்டது.

நான்கு மணிக்கு முதல் ஜோடி வந்தது. "மூணாம் நம்பர்ல இல்லம்மா."

பிறகு ஒன்று. பிறகு ஏழு. வந்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்க்காமல் அவனிடம் சொல்லிவிட்டு ஒதுங்கினார்கள்.  மழை வலுத்தது. வாலுவுக்கு இடிச்சத்தம் தெரியாது, மின்னல் மட்டும்தான் தெரியும். மின்னினால் ஓடிவந்து சித்தியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். இப்போது எந்த மடியில்...

நான்கரைக்குப் பத்தாவது ஜோடியும் வந்துவிட்டது. இல்லை.

"அப்போ நாணலுக்குள்ள இல்ல," என்றார் குடைக்குள் நின்ற மேலதிகாரி. "வீணா நேரத்தைக் கடத்தாதீங்க. பஸ் நிலையம், கடைத்தெரு பக்கம் பாருங்க."

ஆட்கள் கரையேறிப் போகத் தொடங்கினார்கள். அவள் கூடாரத்து மேசையோரம் உட்கார்ந்துவிட்டாள். பார்வை மட்டும் மேசை மேல் கிடந்த வரைபடத்தில் குத்திட்டு நின்றது. நான்கு கோடு... நான்கு வெட்டு... வருஷக்கணக்காகத் துணி வெட்டிய மனசு, பயத்தில் வேறு போக்கிடம் தெரியாமல், தன் பாட்டுக்கு எண்ணத் தொடங்கியது. ஒரு வெட்டு, இரண்டு துண்டு...

"ஏங்க." அவள் எழுந்தாள். "இது பதினொண்ணு வரணுமே."

"என்னது?"

"துண்டு. ஒரு வெட்டு போட்டா ரெண்டு துண்டு. ரெண்டாவது வெட்டு முதல் வெட்டைத் தாண்டுது, நாலாயிடும். மூணாவது அந்த ரெண்டையும் தாண்டுது, மூணு துண்டு கூடும்... ஏழு. நாலாவது மூணையும் தாண்டுது, நாலு கூடும். பதினொண்ணு! பத்துதானே தேடினோம்?"

மேலதிகாரி குறுக்கே வந்தார். "ஏம்மா, படத்தைச் சரியா பாரு. மூணு கோடு ஒரே புள்ளியில சேருது. அதனால ஒரு துண்டு குறையும். இவன் போட்ட கோடு இது. இப்படித் துல்லியமா சேர்த்த ஆளு இவன்னு தலைமை ஆபீசுக்கே எழுதியிருக்கேன்."

"காகிதத்துல சேரும் சார். துணியில சேர்ந்து நான் பார்த்ததே இல்ல. எவ்வளவு பார்த்து வெட்டினாலும் நூலளவு தள்ளும், நடுவுல ஒரு துணுக்கு நிக்கும்." அவள் சர்வேயரின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. நெசமாவே ஒரே புள்ளிதானா?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். அவள் கண்கள் அவன் முகத்தை விட்டு அசையவில்லை.

"சொல்லுங்களேன்... உங்களைக் கும்பிடுறேன்."

"இல்ல," என்றான் அவன்.

மேலதிகாரியின் குடை அசைந்தது. "என்னடா?"

"ஒரே புள்ளி இல்ல சார். நடுப்புள்ளியை ஒட்டி, மூணாவது பாதை வர்ற இடத்துல ஒரு பறவைக் கூடு இருந்துச்சு. முட்டையோட. அதை வெட்டிப்போட மனசு வரல. மூணாவது பாதையை முப்பது தப்படி தள்ளிப் போட்டேன். படத்துல மட்டும் சேர்ற மாதிரி வரைஞ்சுட்டேன். இப்பதான் ஞாபகம் வருது... நடுவுல ஒரு முக்கோணம் நிக்குது. அதுக்கு நம்பரே கிடையாது."

"வரைபடத்துலயே பொய்யா? வேலை போயிடும்டா உனக்கு!"

அதைக் கேட்க அவர்கள் இருவரும் அங்கே இல்லை.

பாதை ஒற்றை ஆள் அகலம். இருபுறமும் தலைக்கு மேல் நாணல். அவன் முன்னால் ஓட, அவள் அவன் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. கத்திக் கூப்பிட வாய் துடித்தது... கூப்பிட்டு என்ன பயன்? பயத்துக்கு வாய் கூட இல்லாமல் ஓடுவது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

நடுவில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிய இடத்தில், அடர்ந்து நின்றது அந்தத் துணுக்கு. பார்த்தால் வெறும் புதர். அந்தப் பக்கம் வந்தவர்கள் இந்தப் பக்கத்தாருடையது என்று விட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் வந்தவர்கள் அந்தப் பக்கத்தாருடையது என்று விட்டிருக்கிறார்கள்.

அப்போது சங்கு ஊதியது. மதகு திறக்கப் பத்து நிமிஷம் என்று ஊருக்கே சொல்லும் சங்கு. 

"நீங்க வெளியே போங்க, நான் பார்த்துக்கறேன்," என்றான் அவன்.

"சாகறதா இருந்தாலும் போக மாட்டேன்."

"அதெல்லாம் வேணாம். சட்டையை மட்டும் விட்றாதீங்க."

நாணலைக் கையால் பிளந்துகொண்டு உள்ளே நுழைந்தார்கள். இலைகள் முகத்தைக் கீறின. இரண்டு வெள்ளைப் பறவைகள் சடசடவென்று மேலே கிளம்பின. அவை கிளம்பிய இடத்தில்... மஞ்சள்.

தொடை வரை சேற்றில் புதைந்து உட்கார்ந்திருந்தாள் வாலு. தலைக்கு மேல் சங்கு அலறிக்கொண்டிருந்தது. குழந்தை அண்ணாந்து கூடப் பார்க்கவில்லை. ஒரு முழம் தள்ளியிருந்த கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது கன்னம் உப்பியிருந்தது. தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டுவிட்டது.

சித்தியைக் கண்டதும் குழந்தை வலது கையைத் தூக்கி, இரண்டு விரலைக் கத்தரிபோல் அசைத்தாள். அவள் மொழியில் அதுதான் சித்திக்குப் பெயர். இத்தனை நேரம் அடக்கிய அழுகை சித்திக்கு அப்போது பீறிட்டு வந்தது.

அவன் மண்டி போட்டுச் சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டான். ஒரு இழு... வரவில்லை. இன்னொன்று. மூன்றாவது இழுப்பில் செருப்பைச் சேற்றிடமே விட்டுவிட்டுக் குழந்தை மேலே வந்தாள். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டான். திரும்பி ஓடினார்கள். பாதை நேராக இருந்ததால் மறுமுனையின் வெளிச்சம் தெரிந்தது... அதைப் பார்த்தே ஓடினார்கள். கரையில் ஏறிக் கால் வைக்கும்போது இரண்டாவது சங்கு. பின்னால் நாணல்கள் கூட்டமாகச் சாயும் சத்தம். அவள் திரும்பிப் பார்த்தபோது நுனிகள் மட்டும் தண்ணீருக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தன. 

தெருக்கோடி ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைத் துடைத்து, கம்பளியில் சுற்றிப் படுக்கவைத்தார். "ஒண்ணும் பயமில்ல. தூங்கட்டும்," என்றார். வெளியே மர பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு.

"உங்க சட்டையைக் கிழிச்சுட்டேன்," என்றாள் அவள். முதுகில் ஒரு சாண் கிழிந்து தொங்கியது.

"பரவாயில்லைங்க. தெரிஞ்ச தையல்காரங்க யாராவது இருந்தா சொல்லுங்க, தச்சுக்கறேன்."

"இருக்காங்க ஒருத்தி. ஆளை முட்டித் தள்ளுவா. பரவாயில்லையா?"

"பழகிடுச்சு..."

முதல் தடவையாக இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள். மழை ஓய்ந்தபின் தெளிந்த கண்ணாடிபோல் இருந்தன அவன் கண்கள். அவளுக்குள் என்னவோ ஒன்று மெல்ல இடம் மாறி உட்கார்ந்தது. பயம் போகாமலே ஒருவரைப் பிடித்துப்போக முடியுமா என்ன? பிடித்துப்போயிருந்தது.

அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னதுக்கப்புறம் நீங்க இந்த பெஞ்சுல உக்காரமாட்டீங்க."

"என்ன?"

"நீங்க கேட்டப்பதான் ஞாபகம் வந்துச்சுன்னு சொன்னேன் இல்ல... பொய். எட்டாவது ஜோடி வந்தப்பவே வந்துடுச்சு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவன் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"மீதி ரெண்டு துண்டுல கிடைச்சுடுவா, அப்போ யார்கிட்டயும் சொல்ல வேண்டியிருக்காதுன்னு நெனச்சேன். பத்தாவதும் வந்தப்ப... சொல்லத்தான் நெனச்சேன். மேலதிகாரி பக்கத்துலயே நின்னாரு. நாக்கு எழும்பல. கால் மணி நேரங்க. கூட்டுக்காகப் பாதையைத் தள்ளிப் போட்டவன், குழந்தைக்காக வாயைத் திறக்கலை. என்னை நல்லவன்னு நெனச்சுக்கிட்டு நீங்க போயிடக்கூடாது."

"கால் மணி நேரத்துல தண்ணி எவ்வளவு ஏறும்னு தெரியுமா உங்களுக்கு?" அவள் எழுந்துவிட்டாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "அவ இடுப்புல நின்னுச்சு! இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம் போயிருந்தா..."

"தெரியும்."

"தெரியும்னு சொல்லாதீங்க!"

அவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒரு சமாதானம் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை. அவள் நாலு அடி நடந்தாள், நின்றாள். அவனைத் திட்ட நெஞ்சு நிறைய வார்த்தை இருந்தது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் வெளியே வருமுன் அவளையே ஒரு பார்வை பார்த்தது. யாருமே கேட்காத உண்மையை இவன் வலிய வந்து சொல்கிறான். நான்?

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா ஓடிவந்தாள். கையில் பை இல்லை, காலில் ஒரு செருப்பு இல்லை. உள்ளே போய்க் குழந்தையின் நெற்றி, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"தாழ்ப்பாளை அவளே திறந்துட்டாளாமே... தேட வந்தவங்க பேசிக்கிட்டதா சைக்கிள் கடைக்காரர் சொன்னாரு. எட்டவே எட்டாதேடி அவளுக்கு?"

தலையாட்டினால் போதும். அவ்வளவுதான் வேலை. இனி அக்கா இவளிடம் குழந்தையை விடுவாளா, மாட்டாளா என்பது அந்த ஒரு தலையாட்டலில் இருந்தது. வாலு இல்லாத முன்னறையை அவள் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள்.

"அக்கா... நான்தான் தாழ்ப்பாள் போடலை. காலால தள்ளிட்டு மெஷின்ல உக்காந்துட்டேன். அவ திறந்தான்னு சொன்னது பொய்."

அக்காவின் கை ஓங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. அக்கா அந்தக் கையால் அப்படியே தன் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்ச நாளைக்கு நானே பார்த்துக்கறேன்," என்றாள். "கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் பார்க்கலாம்." உள்ளே போய்விட்டாள்.

அவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். இடையில் விட்ட இடம் இப்போது கொஞ்சம் குறைந்திருந்தது. 

"வேலை போயிடுமா?" என்று அவளே கேட்டாள்.

"நாளைக்கு விசாரணை. போகலாம்."

"பயமா இருக்கா?"

"இருக்கு. ஆனா அதுக்காக இல்ல. நீங்க எழுந்து போனீங்களே... அப்போ வந்த பயம் இன்னும் போகலை." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மூணேகாலுக்கு என்னைச் சேத்துல தள்ளினீங்க. மூணு மணி நேரம்தான் ஆகுது. இதைச் சொல்ற நேரமும் இல்ல, யோக்கியதையும் இல்ல. ஆனா இன்னிக்கு இன்னொரு தடவை வாயை மூடிக்கிட்டு இருக்க என்னால முடியாதுங்க. உங்களை எனக்கு..."  காது மடல் வரை சிவந்துபோனான்.

அவள் கிழிந்த சட்டையைப் பார்த்தாள். அதன் வழியே தெரிந்த முதுகுக் கீறல்களைப் பார்த்தாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எனக்கு உங்க மேல கோவம் இன்னும் போகலை," என்றாள்.

"எப்போ போகும்?"

"தெரியாது. நாள் ஆகும். வருஷம் கூட ஆகலாம்... நீங்க பக்கத்துலயே இருந்து பார்த்துக்க வேண்டியதுதான்."

அவன் நிமிர்ந்தான். "அப்படின்னா...?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள் அவள்.  தன் கையை அவன் கைமேல் வைத்தாள். "உங்களைப் பிடிச்சும் இருக்கு. ரெண்டுல எதை மறைச்சாலும் பொய்யாயிடும். அதான், ரெண்டையும் சொல்லிட்டேன்."